வெயிலுக்கு மயங்கிய சோப்புப் பெட்டி

நம்ம வகுப்புக் குழுவில் இப்போதெல்லாம் விடிந்ததும் வருவது சர்க்கரை அளவும் மூட்டு வலி மருந்தும்தான். நேற்று ஒருத்தி தன் முதுகெலும்பு எக்ஸ்ரேயையே போட்டிருந்தாள். கோவித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் அதே வயசுதான், என் வலது முட்டியும் படி ஏறும்போது பேசுகிறது. ஆனால் இன்றைக்கு வேறு ஒன்று சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். எட்டாவது பரீட்சை எழுதிவிட்டு நாமெல்லாம் லீவில் கிடந்தோமே, அந்தக் கோடை. நகரியில் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வெயில் காலத்தைப் பார்த்தாகிவிட்டது. கோடை என்று யாராவது சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது அது ஒன்றுதான்.

எங்கள் வீடு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். முன்பக்கம் நாலு பவர்லூம், பின்கட்டில் நாங்கள், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட நூல் ரூம். தறி ஓடும் நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், கத்துவார்கள். உப்பு வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும்.

அண்ணன் என்னைவிட நாலு வயசு பெரியவன். பத்தாவது முடித்து இன்டர் சேர்ந்தவன், முதல் வருஷத்திலேயே இரண்டு பாடம் போய்விட்டது. ஜூன் மாசம் பிறந்ததும் சாயப் பட்டறையில் சேர்த்துவிடுவது என்று நைனா முடிவே செய்திருந்தார். அண்ணனுக்கோ கிட்டார் பைத்தியம். சித்தூர் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசித்தவரிடம் ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்க் கற்றுக்கொண்டிருந்தான். அந்த மனிதர் திடீரென்று மெட்ராஸுக்குப் போய்விட்டார். கிட்டார் சும்மா கிடந்தது. ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் அதை அண்ணன் கையில் கொடுத்தார். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

"மே கடைசியில புத்தூர்ல ஒரு கல்யாணம். அதுல வாசி," என்றார் மாஸ்டர். "ஆனா ஒண்ணு. மெட்ராஸ் ரெக்கார்டுல கிட்டாரு கரகரன்னு கத்துது பாரு, தொண்டை கட்டுன ஆம்பள அழுவுற மாதிரி, அந்த சத்தம் வேணும். நம்மளது டொய்ங் டொய்ங்னு வீணையாட்டம் கீது. அந்த சத்தத்தக் கொண்டாந்தா நீ என் ஆளு. இல்லாட்டி கிட்டார இங்க வெச்சிட்டு போய்க்கினே இரு."

அந்தச் சத்தத்துக்கு என்று ஒரு பெட்டி உண்டு, அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று அண்ணன் பஸ்ஸில் சொன்னான். வீட்டுக்கு வரும்வரை கிட்டாரை மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டிருந்தான். முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

அதே வாரம் எங்கள் ரேடியோ பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது, அதை வாங்கி வர என்னை அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே ரேடியோக்காரர் கடை ஞாபகம் இருக்கிறதா? பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய ட்ரான்சிஸ்டர்களை அவர் ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எல்லாம் ஜெர்மேனியம் என்ற பழைய ரகம். கறுப்புப் பெயிண்ட் அடித்த குட்டிக் கண்ணாடிக் குப்பி, கீழே மூன்று கம்பிக் கால். மழைக்காலத்து வண்டு மல்லாந்து கிடப்பது போல இருக்கும். அது எதற்கு என்று கேட்டேன். "பனிக்கு ராது," என்றார். எதற்கும் உதவாது என்று அர்த்தம். "கெயின் போயிடுச்சும்மா. எல்லாம் செத்தது. வேணும்னா எடுத்துக்கினு போ. பல்லாங்குழி ஆடு."

பாவாடையில் கொட்டிக்கொண்டு வந்து எண்ணினேன். நாற்பத்தொன்று இருந்தது. நிஜமாகவே இரண்டு நாள் பல்லாங்குழி ஆடினேன்.

மூன்றாம் நாள் மாமா மகனுக்குத் திருமலையில் மொட்டை. எல்லாரும் போனோம். இறங்கி வந்தபின் பெரியவர்கள் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தயிர் சாதம் துன்னுக்கினு இருந்தார்கள். அண்ணனும் நானும் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு இங்கிலீஷ் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை. புரட்டினால் நடுப்பக்கத்தில் கிட்டாரைக் கரகரக்க வைக்கும் பெட்டியின் படம், முழு சர்க்யூட்டோடு. கடைக்காரர் தெலுங்கில் அதட்டினார். வாங்குவதானால் வாங்கு, நின்று படிக்கக் கூடாது என்றார். அண்ணன் அவரைப் பேச்சில் இழுத்தான். இன்டர் பிசிக்ஸ் கைடு இருக்கிறதா, போன வருஷத்தது இருக்கிறதா, அதற்கு முந்தின வருஷத்தது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் அலமாரிக்குப் பின்னால் நின்று, இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பால்பாயிண்ட் பேனாவால் சர்க்யூட்டை வரைந்துகொண்டேன். இரண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர். வரையும்போது கூச்சமாக இருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் வியர்வை. புத்தூர் தாண்டுவதற்குள் ஒரு எண் கரைந்துபோனது. அண்ணன் என் கையைப் பிடித்து ஊதிக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டு அம்மா, "கை சுட்டுக்கிச்சா பாப்பா? எண்ணெய் வெக்கலயா?" என்று கேட்டாள்.

மாடி நூல் ரூமில் வேலை ஆரம்பித்தோம். ஈயம் உருக்கி ஒட்டும் கம்பியையும் மிச்சச் சாமான்களையும் ரேடியோக்காரர் கடையிலேயே சில்லறைக் காசுக்கு வாங்கினோம். சோல்டரிங் முதலில் அண்ணன்தான் வைத்தான். பொம்பளைப் பிள்ளை கையைச் சுட்டுக்கொள்ளும் என்று என்னைத் தள்ளி உட்காரச் சொன்னான். அரை மணியில் மூன்று ட்ரான்சிஸ்டரும் அவன் இரண்டு விரலும் தீய்ந்தன. அதற்கப்புறம் கம்பி என் கைக்கு வந்தது. தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுப் பழகிய விரல் எனக்கு. கண்ணுக்குத் தெரியாத நூலையே பிடிக்கிற விரலுக்குக் கம்பிக் கால் என்ன பெரிய காரியம். ரேடியோக்காரர் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் அவர் பெண்டாட்டி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், மீட்டரை எடுத்துக் கொடுப்பாள். "நாலு மணிக்குள்ள கொண்டாந்து வெச்சிடு. அந்த முள்ளு ஆடறத எனக்கும் ஒருவாட்டி காட்டு," என்பாள். காட்டினேன்.

ஒவ்வொன்றாக அளந்தேன். கெயின் என்றால் வேறொன்றுமில்லை, உள்ளே போகும் சின்னக் கரண்டை அது எத்தனை மடங்காக்கித் தருகிறது என்ற கணக்கு. சர்க்யூட் கேட்டது நூறு மடங்குக்குக் கிட்டே. எங்களிடம் இருந்ததில் கெட்டிக்காரன் இருபது. பத்து, பன்னிரண்டு என்று சில. மிச்சத்தில் முள் அசையவே இல்லை. இருந்ததில் நல்லதாக இரண்டைப் போட்டு, கிட்டாரை மாட்டி, எங்கள் ரேடியோவையே ஆம்ப்ளிஃபயராக வைத்து அண்ணன் தந்தியைத் தட்டினான். கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அண்ணன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு நூல் மூட்டை மேல் படுத்துக்கொண்டான்.

"வுடு பாப்பா. சாயப் பட்டறைதான் எனக்கு."

எனக்கு விட மனசில்லை. ஒற்றை இழை தாங்காத இடத்தில் நைனா இரட்டை இழை போடுவார். ட்ரான்சிஸ்டருக்கும் அப்படிப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஒன்றின் கடைசிக் காலை அடுத்ததின் நடுக்காலில் முடிந்தேன். முதலாவது பெருக்கித் தருவதை இரண்டாவது மறுபடி பெருக்கும். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்திநாலு ஆகாது, நூற்று நாற்பத்திநாலு ஆகும். இதை அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மீட்டர் முள் எகிறி அந்தப் பக்கக் கம்பியில் முட்டி நின்றபோது, பயந்து பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன்.

மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, வெயில் தாழ்ந்ததும் அண்ணனை எழுப்பினேன். சலிப்போடு எழுந்து ஒரு தந்தியைத் தட்டினான். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தகர ஷீட்டை நடுவில் கிழித்தால் வருமே, அந்தக் கிழிசலுக்கு ராகம் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் இன்னொரு தடவை தட்டினான். அப்புறம் நிறுத்தவே இல்லை.

கீழே நைனாவுக்கு உயிரே போய்விட்டது. மூன்றாவது தறியில் பேரிங் போய்விட்டது என்று நினைத்து நாலையும் நிறுத்தி, கிரீஸ் அடித்து, மறுபடி ஓட்டினார். தறி ஓடினால் அண்ணன் வாசிப்பான், ஏனென்றால் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது எங்கள் எண்ணம். தறி நின்றால் அவனும் நிறுத்துவான். இப்படி இரண்டு நாள் நடந்தது. தறி மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டு, மோட்டாரில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நைனா சொல்லாமல் கொள்ளாமல் மெயினையே அணைக்க, சத்தம் மட்டும் மாடியிலிருந்து ஒரு விநாடி தனியாக இழுத்து அடங்கியது. படியேறி வந்தார். கை நிறைய கிரீஸ்.

"இதுக்கா நான் மூணு நாளா எண்ணெய் ஊத்திக்கினு இருந்தேன்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நைனா தரையில் கிடந்த கம்பி, பேட்டரி, கண்ணாடி வண்டுகள் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவன்தான் வெட்டியா குந்திக்கினு கீறான். நீ எதுக்கு இங்க? போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு," என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அம்மாவுக்கு ஒத்தாசையாக நான் அரைத்த சட்னி அவ்வளவு நைசாக அதற்கப்புறம் வந்ததில்லை. சாயங்காலம் அவனைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா உன்ன மேல வர வுடமாட்டாரு. அப்புறம் சோல்டரிங் யாரு வெப்பாங்க?" என்றான். அதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் சும்மா இல்லை. மிச்சம் இருந்த செத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு கால் மட்டும் செத்துப்போன இரண்டை சர்க்யூட்டின் கடைசியில் எதிரெதிராகப் போட்டால், கிழிசலின் முனை மழுங்கிச் சத்தம் உருண்டு வந்தது. பெருக்கத்தான் அதற்குத் தெம்பில்லை, மழுக்கத் தெரிந்திருந்தது. இன்னொன்றில் நான் கீழே போட்டதில் கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அதை வைத்தபோது சத்தம் தானாக மாறி மாறி வந்தது. ஏன் என்று புரியாமல் குனிந்து பார்த்தால் நல்லாகிவிடுகிறது, நிமிர்ந்தால் அடைத்துக்கொள்கிறது. கடைசியில்தான் தெரிந்தது, என் தலை நிழல். வெளிச்சம் பட்டால் அதற்குத் தொண்டை அடைக்கிறது. உள்ளங்கையை மேலே வைத்து மெல்ல எடுத்தால், கிட்டார் 'வா... வா...' என்று யாரையோ கூப்பிட்டது. அண்ணனோடு பேசாத விரதம் அங்கே முடிந்தது. நான் கையை ஆட்ட, அவன் வாசிக்க, அன்றைக்குக் காலைப் பலகாரத்தை இரண்டு பேரும் மறந்துவிட்டோம்.

எல்லாவற்றையும் அம்மாவின் அலுமினிய சோப்புப் பெட்டிக்குள் அடக்கினேன். கம்பி பெட்டியில் படாமல் இருக்க அடியில் தடித்த அட்டை. மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை, வெளிச்சம் போக. அம்மா ஒரு வாரம் சோப்பைத் தேங்காய் ஓட்டில் வைத்துக்கொண்டாள்.

ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. காலையில் சிங்கம் போலக் கத்தும் பெட்டி பதினொரு மணிக்குத் திக்கும், பன்னிரண்டுக்கு ஊமையாகிவிடும். சாயங்காலம் தானாகச் சரியாகும். கம்பியையெல்லாம் நான் பிரித்துப் பிரித்துக் கட்டினேன். ஒரு நாள் உச்சி வெயிலில் அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்தாள். வைக்க இடமில்லாமல் சொம்பைப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷத்தில் கிட்டார் உயிர் பெற்றுக் கத்தியது.

அம்மா பதறிப் போய், "நான் எதையும் தொடலடி," என்றாள்.

சூடுதான் காரணம். அந்த ரகம் சூடு கண்டால் உள்ளுக்குள் கசிய ஆரம்பித்துவிடும். நான் இரண்டு இரண்டாக முடிந்திருந்ததால் கசிவும் மடங்கு மடங்காகப் பெருகியது. ஷீட் கூரைக்கு அடியில் நாங்களே மயங்கிக் கிடந்தோம், அது மயங்கியதில் தப்பில்லை.

அந்த நாட்களில் ஒரு மாற்றம் நடந்தது. காலை பத்து மணி ஆனால் நைனா நாலு தறியையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் நின்றுகொண்டுதான் குடிப்பார். தறிக்காரர்கள் கேட்டதற்கு, மோட்டாருக்கு ஓய்வு வேணும், மெக்கானிக் சொன்னார் என்றார். பத்து மணிதான் எங்கள் பெட்டி நன்றாகப் பாடும் நேரம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. போன மாசம் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றி, பால் பொங்கி வழிந்துவிட்டது.

புத்தூர் கல்யாணம் நைனாவுக்கு நூல் கொடுக்கும் வியாபாரி வீட்டுக் கல்யாணம். அதனால் குடும்பத்தோடு போனோம். கச்சேரி மத்தியான விருந்து நேரத்தில். தகரப் பந்தல், மே மாச வெயில். நாங்கள் தயாராகத்தான் போனோம். சோடாக் கடையில் ஐஸ் வாங்கி, மரத்தூளில் பொதிந்து, டிபன் பாக்ஸில் வைத்து, அதன் மேல் சோப்புப் பெட்டி. ஆனால் முகூர்த்தம் தள்ளிப்போயிற்று, பந்தியும் தள்ளிப்போயிற்று. மாஸ்டர் கையைக் காட்டி அண்ணனை எழுப்பியபோது டிபன் பாக்ஸில் இருந்தது வெந்நீர்.

அண்ணன் பாட்டின் நடுவில் தன் இடம் வந்ததும் தட்டினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான். மாஸ்டர் ஹார்மோனியத்தை வாசித்துக்கொண்டே அவனை முறைத்தார். கீபோர்டுகாரர் அந்த இடத்தை நிரப்பிப் பாட்டைக் காப்பாற்றினார். இதே பாட்டில் கிட்டாருக்கு இன்னொரு இடம் இருந்தது, இரண்டு சரணம் தள்ளி. அண்ணன் என்னைப் பார்த்தான். அந்த முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டு சமையல் கட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு ரோஸ் மில்க் கலக்க ஒரு அண்டாவில் ஐஸ் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன.

"அண்ணா, ஒரு கட்டி ஐஸ் குடுங்க," என்றேன் சமையல்காரரிடம்.

"தூரம் போ பாப்பா. இது மாப்பிள்ள வூட்டுக்கு."

"கிட்டாருக்கு வேணும்ண்ணா."

"கிட்டாருக்கு என்னா, ஜுரமா?"

அழுகை வந்துவிட்டது. பின்னால் பந்தியில் உட்கார்ந்திருந்த நைனா பாதி இலையில் எழுந்து வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குடுய்யா. எம் பொண்ணு ஒண்ணு கேக்குதுன்னா காரணமாத்தான் கேக்கும்," என்றார். சமையல்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்க, நைனா இடது கையாலேயே ஒரு பாத்திரத்தை அண்டாவில் விட்டு மொண்டார். இளஞ்சிவப்புத் தண்ணீரும் ஐஸுமாக எடுத்துக்கொண்டு மேடை வரை வந்தார்.

மேடையின் ஓரத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நைனா பிடித்த பாத்திரத்துக்குள் இறக்கினேன், மூடி மட்டும் வெளியே தெரியும்படி. ஒரு சரணம் முடிந்தது. ஒயரை மறுபடி மாட்டித் தொட்டுப் பார்த்தேன், ஸ்பீக்கரில் உறுமல் இன்னும் வரவில்லை. இரண்டாவது சரணமும் முடியப்போகிறது. பந்தல் இடுக்கிலிருந்து ஒரு வெயில் கீற்று சரியாக மூடியின் ஓட்டையில் விழுந்தது. உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டேன். அண்ணன் தட்டினான்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றுவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை. நான் கையை மெல்ல எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கிட்டார் அழுதது, கூப்பிட்டது, சிரித்தது. மாப்பிள்ளை சோற்றில் கை வைத்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டு, இன்னும் வாசி, இன்னும் வாசி என்று கையைச் சுழற்றினார். அண்ணன் எழுதிவைத்த இடத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டான். நைனாவின் சட்டையெல்லாம் ரோஸ் மில்க்.

முடிந்ததும் மாஸ்டர் இறங்கி வந்தார். "யாருய்யா இந்தப் பெட்டியப் பண்ணது? எந்த ஊரு மெக்கானிக்கு?"

"எந் தங்கச்சி," என்றான் அண்ணன்.

மாஸ்டர் என்னைத் தாண்டி யாரையோ தேடினார். அண்ணன் அவர் தோளைத் தொட்டு என் பக்கம் திருப்பினான். "இதோ, இவதான் மாஸ்டர். எல்லாமே இவ பண்ணதுதான். நான் வெரல சுட்டுக்கினேன், அவ்ளோதான்."

அண்ணன் பதினாறு வருஷம் அந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தான். இப்போது சித்தூரில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறான், வாராவாரம் பேசுகிறோம். பெட்டி மூன்றாவது வருஷமே எந்தக் கல்யாணத்திலோ காணாமல் போனது. யாராவது நிஜமாகவே சோப்பு வைக்க எடுத்துப் போயிருக்கலாம். நான் திருப்பதியில் பாலிடெக்னிக் படித்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிட்டயர் ஆனது உங்களுக்குத் தெரியும். சொல்ல வந்தது அதை இல்லை, அன்று சாயங்காலம் திரும்பி வந்த பஸ்ஸை.

புத்தூரில் ஏறினோம். நைனா சட்டை காய்ந்து விறைத்திருந்தது, ஈ மொய்த்தது. எதிர் சீட்டில் கல்யாணத்துக்கு வந்திருந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"மேடையில கிட்டாரு வாசிச்சது உங்க பையனாங்க? என்னா சத்தம்ங்க அது."

"வாசிச்சது பையன்," என்றார் நைனா. "சத்தம் எம் பொண்ணு பண்ணது."

அவர் என்னைப் பார்த்தார். "எப்படிம்மா பண்ணே?"

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலோரத்திலிருந்து நகர்ந்து என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். "சொல்லு பாப்பா. நானும் கேட்டதில்ல," என்றார்.

சொன்னேன். கெயின் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பஸ் இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, எங்கள் வீட்டுப் பழக்கம் உதவியது. இரண்டு இழையை ஏன் முடிந்தேன் என்ற இடத்துக்கு வந்தபோது நைனா குறுக்கே ஒரு கேள்வி கேட்டார், நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லி, நிழல் விஷயத்தைத் தொடங்கும்போது நகரி வந்துவிட்டது. கண்டக்டர் விசிலடித்து, இறங்குங்க இறங்குங்க என்றார். அம்மாவும் அண்ணனும் மூட்டையோடு எழுந்து நின்றார்கள்.

நைனா எழவில்லை. "ஒரு நிமிஷம் இருப்பா," என்றார் கண்டக்டரிடம். "பாப்பா சொல்லிக்கினு கீது, முடிக்கட்டும்."